பாலைத் தேடினால் புலி வருகிறது

ஜொகூரின் குளுவாங்கில் எங்கள் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நான்கு இரும்பு அலமாரி, ஆயிரத்துச் சொச்சம் தமிழ்ப் புத்தகங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றுக்குக் காவல் நான்தான். தடித்த நோட்டில் இருந்த பட்டியலை அக்காள் மகன் போன வருடம் கணினியில் ஏற்றிக் கொடுத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஓர் அம்மா வந்தார். லாயாங் லாயாங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “அகிலன் நம்ம தோட்டத்த வச்சு எழுதுன கதை சார், பால்னு தொடங்கும்” என்றார். ‘பால்’ என்று தட்டினேன். ‘பால்மரக் காட்டினிலே’ வந்தது. கூடவே ஒரு புலி வேட்டைக் கதை, சிறுவர்களுக்கான புலிக் கதைகள் இரண்டு. “ஜேடிடி ஊராச்சே, புலி வராம இருக்குமா?” என்று, புலிப் பட்டப்பெயர் கொண்ட எங்கள் ஜொகூர் காற்பந்துக் குழுவை நினைத்துச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வயதாகிவிட்டது, எதையோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

“உங்க கைப்பிழை இல்ல மாமா” என்றான் அக்காள் மகன். பட்டியல் இருப்பது எஸ்கியூலைட்டில். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்ட சிறிய நிரல் தொகுப்பு அது. நம் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. அதன் தேடல் பகுதி முதலில் வாக்கியத்தைச் சொற்களாக நறுக்கும். யூனிகோடு வகைப்பாட்டில் ‘ப’ எழுத்து. ஆனால் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் வெறும் ‘குறி’. குறி கண்ட இடத்தில் கத்தி விழும். ‘பால்’ என்பதில் காலும் புள்ளியும் போனால் மிச்சம் ப, ல. ‘புலி’யை நறுக்கினாலும் ப, ல. நூலைத் தேடினால் நெல் வருவதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பவர் கண்ணில் இது ஆயுளுக்கும் படாது.

மருந்து ஒரே வரி. குறிகளையும் எழுத்தாகவே எண்ணு என்று அமைப்பில் சொல்லி, பட்டியலை மறுபடி அடுக்க வேண்டும். செய்தான். புலி காட்டுக்குப் போனது. அகிலனும் கூடவே போய்விட்டார்! இப்போது முழுச்சொல் பொருந்தினால்தான் வருமாம். ‘பால்மரக்’ வேறு, ‘பால்’ வேறு. தேடும் சொல்லின் வாலில் ஒரு நட்சத்திரக் குறியைத் தானாகச் சேரும்படி வைத்ததும் அகிலன் திரும்பினார். ‘தோட்டம்’ என்று கேட்டால் ‘தோட்டத்தில்’ கிடைக்க நட்சத்திரம் உதவாது. வேற்றுமை உருபைக் கழற்றத் தெரிய வேண்டும். அதற்கும் இலவசமாக வழி இருக்கிறது: போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள நிரலில், 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலேயே தமிழ்ச் சொல்லின் அடியைத் தேடும் வசதி சேர்ந்துவிட்டது.

நம் மாநிலத்தின் பெயரிலேயே ஒரு பொறி உண்டு. ‘ஜொகூர்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை இரண்டு மாநிலம். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

கோயில் உறுப்பினர் பட்டியல்தான் இன்னும் படுத்துகிறது. அது ஐசி என்னும் அடையாள அட்டையில் உள்ளபடி ரோமன் எழுத்தில் இருக்கிறது. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி ஒரு கணேசனுக்கு ஜி, அவர் சித்தப்பா கணேசனுக்கு கே. ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918-லேயே காப்புரிமை தந்திருக்கிறார்கள். ஆனால் அது முதலெழுத்தை மாற்றாது. ஜி கணேசனும் கே கணேசனும் அதில் சந்திக்கவே மாட்டார்கள். ‘பாலகிருஷ்ணன்’களுக்கும் அதே கதி, பி (B) என்றும் பீ (P) என்றும் பிரிந்து கிடக்கிறார்கள். ஜி-யும் கே-யும் ஒன்று, பி-யும் பீ-யும் ஒன்று என்று நமக்கான அட்டவணையை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். அக்காள் மகன் தைப்பூச விடுமுறைக்கு வரும்போது உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கோயில்களும் பள்ளிகளும் சங்கங்களும் இப்போது பட்டியல்களைக் கணினியில் ஏற்றக் காசு கொடுக்கின்றன. விற்க வருபவர் வண்ணத் திரையைக் காட்டுவார், அறிக்கை அச்சிட்டுக் காட்டுவார். செயலவையினரே, கையெழுத்துப் போடுமுன் விசைப்பலகையை உங்கள் பக்கம் இழுத்து, ‘பால்’ என்று தட்டிப் பாருங்கள். புலி வந்தால் காசோலையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.