கலப்பிசை மரபைக் கெடுக்குமா?

லிட்டில் இந்தியாவில் உள்ள கோயிலில் நாகசுரம் ஒலிக்கிறது. சில ரயில் நிலையங்கள் தள்ளி, எஸ்பிளனேட் கலையரங்கில் ஜாஸ் இசை முழங்குகிறது. நம் இசையோடு ஜாஸ் கலந்தால் மரபு கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது என்பது என் கருத்து.

கத்ரி கோபால்நாத்தை எண்ணிப் பாருங்கள். தந்தையிடம் நாகசுரம் கற்ற அவர், மைசூர் அரண்மனை இசைக்குழு வாசித்த சாக்சபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். சுரங்களை அசைத்து இசைக்கும் கமகம் அக்கருவியில் எளிதில் வராது. எனவே, கருவியில் மாற்றங்கள் செய்து, பல ஆண்டுகள் பயின்றார். 1994இல் வெளியான ‘டூயட்’ திரைப்படத்தின்வழி அவரது இசை தமிழர் இல்லங்களை எட்டியது. 2008இல், அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’ இசைத்தொகுப்பில் அவரும் வாசித்தார். அதில் கர்நாடக இசை ஜாஸுடன் கைகோத்தது. ஆனால், தன் தனித்தன்மையை இழக்கவில்லை.

ஜாஸும் அப்படித்தான் வளர்ந்தது. 1960களில் கேனன்பால் அடர்லி போன்ற சாக்சபோன் கலைஞர்கள் அதில் சோல் இசையைச் சேர்த்தனர். பின்னர் ஃபங்க் இசையும் சேர்ந்தது. அதனால் ஜாஸ் அழிந்துவிடவில்லை.

ஆயினும், கலப்பதற்கு முன் கற்க வேண்டும். ராகத்தையும் தாளத்தையும் முறையாகப் பயிலாமல் கலந்தால், அது வெறும் ஓசையாகிவிடும். பல இனத்தார் கூடி வாழும் சிங்கப்பூரில், முதலில் நம் இசையை ஆழமாகக் கற்போம்; பிறகு, பிறரோடு துணிந்து இசைப்போம்.