கணினிப் பக்கம்: தொலைந்த குறியீடு



பழுதான கணினியில் விண்டோஸை மறுபடியும் நிறுவுகையில், 25 எழுத்துக்கள் கொண்ட 'பிராடக்ட் கீ'யைக் காணாமல் கலங்குகிறீர்களா? விலைகொடுத்து வாங்கியதை மீண்டும் வாங்கவேண்டியதில்லை. பழைய விண்டோஸ் 7 மடிக்கணினியானால், அதன் அடிப்புறத்திலோ பேட்டரியின் கீழோ ஒட்டப்பட்ட சீட்டைப் பாருங்கள். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸின் குறியீடு பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால் அது தானாகவே ஏற்றுக்கொள்ளப்படும். இணையத்தில் தனியே வாங்கியிருந்தால், பழைய மின்னஞ்சலில் ரசீதைத் தேடுங்கள்.

"இலவசமாய்ப் போட்டுத் தருகிறேன்" என்று எவரேனும் திருட்டுக் குறியீட்டை நீட்டினால் இணங்காதிருங்கள். உங்களுக்குரியது உங்களிடத்திலேயே இருக்கிறதே! கண்டெடுத்ததை வீட்டுக் கணக்கு நோட்டில் இன்றே எழுதிவையுங்கள்.