முள்ளைப் பார்த்து வாங்குங்கள்

நர்சரிகளில் உள்ளங்கை அகலத் தொட்டியில் கள்ளிச்செடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். உச்சியில் மஞ்சளோ ஊதாவோ ஒரு பூ. அடுத்த முறை போகும்போது அந்தப் பூவின் அடியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பல செடிகளில் காய்ந்த பசை தெரியும். காய்ந்தாலும் நிறம் போகாத வேறொரு செடியின் பூவைச் சூடான பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். மாதக்கணக்கில் வாடவில்லையே என்று வாங்கியவருக்கும் சந்தோஷம்தான். பசையோ, செடி வளரும் நுனியை மூடிவிடுகிறது. நிஜக் கள்ளிப்பூ சில நாள்தான் நிற்கும். சில இனங்களில் ஒரே ராத்திரி. அதனால் கள்ளி வாங்கப் போகிறவர்கள் பூவை மறந்துவிட்டு முள்ளைப் பார்த்து வாங்குவது நல்லது. வருஷம் முழுக்கக் கண்ணில் படப்போவது அதுதானே.

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று வாஸ்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவர்கள் வீட்டு வாசலிலும் ரோஜா இருக்கும். மொட்டைமாடியில் பிரம்மகமலம் இருக்கும். அது பூக்கிற ராத்திரி அக்கம்பக்கத்தாரை எல்லாம் அழைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். நம் வீடுகளில் அந்தப் பெயரில் வளர்வது மெக்சிகோ, குவாதமாலா பக்கத்துக் கள்ளி. அசல் பிரம்மகமலம் இமயமலையின் உயரத்தில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. நாம் இலை என்று நினைப்பது கள்ளியின் தட்டையான தண்டு. அதன் ஓரத்துப் பள்ளத்திலிருந்து மொட்டு கிளம்புவதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். முள் இல்லாததால் வாஸ்துவில் பிழைத்துக்கொண்டது!

அந்தப் பள்ளம்தான் கள்ளிக் குடும்பத்தின் முத்திரை. உருண்டைக் கள்ளிகளில் அது சின்னப் பஞ்சுத் திட்டாகத் தெரியும். தாவரவியலில் ஏரியோல் என்பார்கள். முள் கிளம்புவது அங்கிருந்துதான். பெரும்பாலான இனங்களில் பூவும் அங்கிருந்தே. நம் ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியில் இந்தத் திட்டு கிடையாது. அது ஆமணக்குக் குடும்பம். பால் வடிந்தால் கள்ளி இல்லை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நம்பாதீர்கள், அசல் கள்ளியிலும் பால் வடிகிற இனங்கள் உண்டு.

முள் என்பது இலை மாறிய வடிவம். ஓர் எளிய பூதக்கண்ணாடி இருந்தால் போதும், மாமில்லேரியா பொக்காசானா என்ற மெக்சிகோ கள்ளியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேலுக்கு வெள்ளை மயிர் போர்த்தியிருக்கும். தடவிப் பார்க்கக் கை போகும், போகக் கூடாது. மயிருக்கு அடியில் ஒவ்வொரு திட்டின் நடுவிலும் செம்பழுப்பு நிறத்தில் தூண்டில் முள் வளைந்து நிற்கும். சட்டைக் கை உரசினால் செடி தொட்டியை விட்டே கூட வரும். அந்த வெள்ளை மயிரும் முள்தான். வெயில் நேராகத் தோலில் விழாமல் காக்கிறது. இந்த இனத்தில் பூ மட்டும் முள் திட்டில் வராமல், முகடுகளுக்கு நடுவிலிருந்து கிளம்பி, உச்சியைச் சுற்றி வளையமாக உட்காரும். பூ உதிர்ந்த பிறகு மெல்லிய சிவப்புக் காய்கள் பழுத்த ஊசிமிளகாய் போல எட்டிப்பார்க்கும். எனக்குப் பூவைவிட அந்தக் காய்தான் அழகு.

பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத முள்தான் படுத்தும். முயல்காது என்று விற்கிற ஒப்பன்ஷியா மைக்ரோடேசிஸ் பார்க்கப் பரம சாது. நீள முள்ளே இல்லை, மஞ்சள் பொட்டுகள் மட்டும். ஒவ்வொரு பொட்டும் கொக்கியுள்ள பொடிமுட்களின் குவியல். தொட்டால் நூற்றுக்கணக்கில் விரலில் ஏறும். தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். ஆனால் இதே செடியின் முட்கள் பனிமூட்டத்திலிருந்து நீர்த்துளியைப் பிடித்துத் தண்டுக்கு அனுப்புவதை 2012இல் சீன ஆய்வாளர்கள் விளக்கினார்கள். முள்ளைக் காவல் ஆயுதமாக மட்டும் பார்ப்பது பாதிக் கதைதான்.

முள்ளுக்காகவே உலகம் கொண்டாடுவது தங்க உருண்டைக் கள்ளி. இரும்புக் கவசத் தகடு வார்த்துப் பெரும் பணக்காரரான ஜெர்மன் தொழிலதிபர் ஹெர்மன் குரூசோன், மாக்டெபர்க் நகரில் கள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்தார். இதன் தாவரப் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. ஹோட்டல் வாசல்களில் எல்லாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் செடி, பிறந்த மண்ணில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. மெக்சிகோவில் 1990களில் கட்டிய சிமாபான் அணையில் அதன் வாழிடத்தின் பெரும்பகுதி மூழ்கிப்போனது. மிச்சத்திலும் களவு நடந்தது. வீட்டில் வளர்த்தால் நன்றாகப் பருத்த பிறகே பூக்கும். அதற்குப் பல வருஷம் ஆகும். பொன்னிற முள்ளோ முதல் நாளிலிருந்தே கண்ணுக்கு விருந்து.

சிவப்பு உருண்டையைப் பச்சைத் தண்டின் மேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்களே, அதை என்னால் ரசிக்க முடியவில்லை. பச்சையமே இல்லாத செடி அது. கீழே இருக்கிற டிராகன் பழத் தண்டு சமைத்துப் போடுகிற சாப்பாட்டில் சில வருஷம் ஓட்டும்.

பூவை நம்பாதீர்கள் என்பதற்கு நம் ஊர் வானிலையும் ஒரு காரணம். பல மலைக் கள்ளிகளுக்குப் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் குளிரும் வறட்சியும் சேர்ந்த ஓய்வு வேண்டும். சென்னையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு, அவை காய்ந்து கிடக்க வேண்டிய ஐப்பசி கார்த்திகையில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. வெயிலில் சாகாத கள்ளி அந்த இரண்டு மாதத்தில் அடி அழுகிப் போகும். புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளை மழை படாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மண்ணில் பாதிக்கு மேல் பொடிக்கல்லோ கரடுமணலோ இருக்கட்டும். அடியில் தட்டு வைக்காதீர்கள். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரை அநேகமாக நிறுத்திவிடலாம். மாசியில் வெயில் ஏறியதும் ஒரு தடவை நன்றாக நனைய ஊற்றுங்கள். மாமில்லேரியாவில் மொட்டு கண்டால், விரியும்வரை தொட்டியை இடம் மாற்ற வேண்டாம்.