நன்றி நவிலலின் பின்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் மலரொன்று வழங்கும் வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். முன்னாளில் அதனைக் கல்வெட்டு என வழங்கினர். திருமுறைப் பாடல்கள், மறைந்தவரின் வாழ்க்கைச் சரிதம், வம்சவிருட்சம், உற்றாரின் இரங்கற்பாக்கள் என்பன அமைந்தபின், இறுதிப் பக்கத்தில் 'நன்றி நவிலல்' என்னுந் தலைப்பின்கீழ்ச் சில வரிகள் காணப்படும். செய்தி கேட்டு ஓடிவந்தோர்க்கும், கிரியைகளை நடாத்திய குருமாருக்கும், உணவு சமைத்தளித்த அயலவர்க்கும், மலரை அச்சேற்றியோர்க்கும் குடும்பத்தார் அங்கே நன்றி கூறுவர். துயரத்தைச் சொல்லவந்த நூல் நன்றியோடு நிறைவெய்துவது போற்றத்தக்க மரபேயாகும். ஆயினும், அந்நன்றி அச்சுப் பக்கத்தோடு முடிந்துவிடுதல் தகாது என்பதே எமது கருத்து.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். இழப்பிற்காக நன்றி கூறுமாறு எவரையும் கேட்டல் முறையன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிற் குழந்தையைப் பறிகொடுத்தவரிடமும், 2009இல் முடிவுற்ற போரில் வீட்டாரை இழந்தவரிடமும் 'எல்லாம் நன்மைக்கே' எனல் ஆறுதலாகாது. காணாமல் ஆக்கப்பட்ட தம் மக்களைத் தேடி 2017இல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை நினைமின். அவர்களுக்கு முப்பத்தோராம் நாளே வரவில்லை. உண்மையறியும் உரிமையே கிட்டாதவரிடம் மனவளர்ச்சி பற்றிப் போதித்தல் கொடுமையினும் கொடுமை.

துயரத்தின் பின் மனிதர் அடையும் வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரெடெஸ்கி, கல்கூன் ஆகிய இருவரும் அதனை அளவிடும் வினாக்கொத்தொன்றை 1996இல் வெளியிட்டனர். பிறரோடுள்ள உறவு, புதிய வழிகள், மனவலிமை, வாழ்வின் அருமையை உணர்தல், ஆன்மிக மாற்றம் என ஐந்து துறைகளில் அவ்வளர்ச்சியை அவர்கள் கண்டனர். அவ்வளர்ச்சியைத் தருவது நேர்ந்த துன்பமன்று என்றும், அத்துன்பத்தோடு மனிதர் நடாத்தும் போராட்டமே என்றும் அவர்கள் கூறினர். வளர்ச்சி வந்தபின்னும் வேதனை உடனிருத்தல் கூடும் என்பதும் அவர்கள் துணிபு. ஆகவே, அழுகின்றவரை வளரவில்லை என்று குறைகூற எவர்க்கும் இடமில்லை.

அங்ஙனமாயின் நன்றி எதற்குரியது? மறைந்தவரிடம் நாம் பெற்றவற்றிற்கும், அவர் மறைந்தபின் எம்மைத் தாங்கிய கைகளுக்குமே உரியது. இதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வு தக்க சான்றாகும். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்கத் தொடங்கிய அவர், 1876இன் தொடக்கத்தில், தமது இருபதாம் வயதில், அவ்வாசிரியரை இழந்தார். ஆறுமுக நாவலருக்கு 1849இல் நாவலர்ப் பட்டம் அளித்த திருவாவடுதுறை ஆதீனமே அவரைத் தாங்கிற்று. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தாமே அவருக்குப் பாடஞ்சொன்னார். பிள்ளையவர்களின் முந்திய மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபொழுது, 1880இல், தமது பதவி அவருக்குக் கிடைக்கச் செய்தார்.

இவ்வாறு பலராலும் தாங்கப்பட்டவர், ஆசிரியரிடம் பாடங்கேட்டிராத சீவகசிந்தாமணியைத் தாமே முயன்று கற்று 1887இற் பதிப்பித்தார். புறநானூறு 1894இலும் மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின்பு, 1933இலும் 1934இலும், அவர் சரித்திரத்தை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அப்பொழுது அவர் எண்பதை அணுகியிருந்தார். ஆசிரியரிடம் பெற்ற கல்வியைக்கொண்டு ஆசிரியர் தொடாத துறையிலும் புகுந்து உழைத்தமை அவரது வளர்ச்சி. முதுமையிலும் ஆசிரியரை மறவாது எழுதியமை அவரது நன்றி. அவ்விரண்டும் ஒரே உழைப்பில் வேரூன்றியவை.

தனிமனிதர்க்குரிய இந்நெறி சமூகத்துக்கும் பொருந்தும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்தீச்செயலுக்கு எவரும் நன்றி கூறார். ஆனால், ஒரே பிரதியாய் இருப்பது ஒரு நாளில் அழிந்துபோம் என்ற பாடத்தை மறவாத இளைஞர்கள் 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். மேற்சொன்ன நினைவு மலர்களும் இன்று அங்கே பேணப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் கண்ணீரோடு அச்சேறிய ஏடுகள், ஊரின் வரலாற்றை ஆராய்வோர்க்குச் சான்றாகின்றன.

விழா மலர் விரியும் இவ்வேளையில், எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்றவர் பலர் இல்லை. எமக்கு எழுத்தறிவித்தோர் பலரும் இல்லை. அவர்தம் படங்களுக்கு மாலை சூட்டி, இரு நிமிட மௌனம் காத்துக் கலைந்து செல்லுதல் எளிது. அதனினும் மேலான கடன்கள் உள. மறைந்த ஆசிரியரின் கைப்படக் குறிப்புகள் எவர் வீட்டுப் பெட்டியிலேனுங் கிடந்தால் அவற்றைத் தேடிப் படியெடுத்தல் ஒன்று. மறைந்த தோழரின் பிள்ளைக்குக் கணிதமோ ஆங்கிலமோ கற்பிக்க வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குதல் மற்றொன்று. துக்கம் விசாரிக்க வந்தோர் அனைவரும் திரும்பியபின், ஆறாம் மாதத்தில் அவ்வீட்டுப் படலையைத் திறந்து உட்செல்லுதல் பிறிதொன்று. ஆறாம் மாதத்தில் வருபவர் சிலரே. அவர்களையே அக்குடும்பம் என்றும் மறவாது.

பழைய மாணவர் சங்கங்கள் இவற்றைத் தம் பணிகளுள் முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டும். மறைந்தவரிடம் நாம் பெற்ற அன்பையும் அறிவையும் பிறிதொருவர் எம்மிடம் பெறுவாராயின், அன்றே எமது நன்றி நவிலல் நிறைவுறும்.