தயார் என்று சொல்லும் நேரம்

2021 ஜூன் 1 அதிகாலையில் ரஷ்யாவிலிருந்து வந்த சரக்கு விமானம் ஒன்று ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் இறங்கியது. உள்ளே 56.6 டன் ஸ்புட்னிக்-வி தடுப்பூசி. மைனஸ் 20 டிகிரியில் காக்கப்பட வேண்டிய மருந்து. இந்தியா அதுவரை இறக்குமதி செய்த கோவிட் தடுப்பூசிச் சரக்குகளில் அதுவே பெரியது. சரக்கு முனையமும் சுங்கத்துறையும் இறக்குமதி செய்த நிறுவனத்தின் ஆட்களும் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால், 90 நிமிடத்துக்குள் எல்லா நடைமுறையும் முடிந்து சரக்கு வெளியேறியது.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அன்று யாரும் புதிய கருவி எதையும் கொண்டுவந்துவிடவில்லை. எல்லோர் கையிலும் ஒரே நேரக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை எல்லோரும் நம்பினார்கள். ஒரு சரக்குக்குச் செய்ய முடிந்ததை, காலை ஐந்திலிருந்து எட்டுக்குள் வரிசைகட்டும் உள்நாட்டு விமானங்களுக்கு ஏன் தினமும் செய்ய முடியவில்லை என்பதே இந்த இதழில் நாம் எழுப்பும் கேள்வி.

பழைய பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2008 மார்ச் 23 அன்று சேவைகள் ஷம்ஷாபாத்துக்கு மாறியபோது, முனையத்தின் கொள்ளளவு ஆண்டுக்கு 1.2 கோடிப் பயணிகள். 2023–24இல் வந்துபோனவர்கள் சுமார் 2.5 கோடி. விரிவாக்கத்துக்குப் பின் முனையம் 3.4 கோடியைத் தாங்கும். கட்டடம் வளர்ந்துவிட்டது. ஓடுபாதையோ அப்படியே இருக்கிறது. 4,260 மீட்டர் நீளமுள்ள முதன்மை ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே 3,707 மீட்டரில் இன்னொன்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் டாக்ஸிவேயாகத்தான் பயன்படுகிறது. முதன்மைப் பாதையில் பராமரிப்பு நடக்கும்போது மட்டும் ஓடுபாதையாகிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்களை இயக்க முடியாது. ஆக, புறப்பாட்டு வரிசையைச் சீராக அமைப்பதில்தான் நாம் கூடுதல் இடத்தைத் தேடியாக வேண்டும்.

அந்த வரிசையை ஒரு கை மட்டும் அமைப்பதில்லை. விமானங்கள் நிற்கும் ஏப்ரனும் பேக்களும் நிலையத்தை நடத்தும் ஜிஎம்ஆரிடம். கோபுரம் இந்திய விமான நிலைய ஆணையத்திடம். பாதுகாப்புச் சோதனை சிஐஎஸ்எஃப் வசம். எரிபொருள், உணவு, சுத்தம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்திடம். மேலே ஏறினால் துண்டிகலும் ஹக்கிம்பேட்டையும் இருக்கின்றன; விமானப்படையின் பயிற்சி விமானங்கள் பறக்கும் வெளி அது. வடமேற்கே பீதரும் அப்படியே. இன்னும் மேலே போனால் சென்னை வான்பகுதி. விமானம் டில்லிக்குப் போவதாக இருந்தால் வசந்த் குஞ்சிலுள்ள மத்திய ஓட்ட மேலாண்மை நிலையம் தரும் சிடிஓடி, அதாவது கணக்கிட்ட புறப்பாட்டு நேரமும் வந்து சேர்கிறது. 2025 நவம்பரில் டில்லியின் தகவல் பரிமாற்ற அமைப்பு பழுதாகி, பறப்புத் திட்டங்களைக் கையால் பதிய வேண்டி வந்தபோது 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதப்பட்டன. அங்கே தாமதமான விமானத்துக்காகவே இங்கே மாலைப் பயணிகள் காத்திருந்திருப்பார்கள்.

ஏ-சிடிஎம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் கூட்டு முடிவெடுக்கும் முறை இந்தச் சிக்கலுக்குத்தான் உருவானது. 2007இல் மியூனிக் விமான நிலையம் அதை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பியக் கையேடு ஒரு விமானத்தின் வருகையையும் புறப்பாட்டையும் 16 கட்டங்களாகப் பிரிக்கிறது. பதினாறும் முக்கியம்தான். ஆனால் மற்றவை எல்லாம் தொங்குவது ஒன்றில்: டிஓபிடி. கதவுகள் மூடி, ஏரோபிரிட்ஜ் விலகி, புஷ்பேக் வண்டி பூட்டி, 'தயார்' என்று சொல்லக்கூடிய நேரம். எஞ்சினை எப்போது இயக்கலாம் என்று கோபுரம் தரும் டிஎஸ்ஏடி அதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்த டிஓபிடியில் உண்மை குறைவதே நம் நோய் என்று இந்த ஆசிரியர் குழு கருதுகிறது. காரணம் சோம்பலோ அறியாமையோ இல்லை. ராம்ப்பில் நிற்கும் மேற்பார்வையாளரின் நிலையிலிருந்து பாருங்கள். உணவு வண்டி வரவில்லை. இன்னும் 12 நிமிடமாகும் என்று அவருக்குத் தெரியும். அதை உடனே பதிந்தால் விமானம் வரிசையில் பின்னுக்குப் போகும். தாமதக் குறியீடு 37 என்று பதிவாகும். சுத்தம் என்றால் 35, எரிபொருள் என்றால் 36. யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதியாமல் விட்டால் வண்டி ஓடிவந்து சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. சேராவிட்டாலும் விமானம் தாமதமாக வந்தது என்று 93இல் ஒதுக்கிவிட ஒரு வழி கிடைக்கலாம். ஆகவே அவர் காத்திருக்கிறார். கோபுரம் அந்த விமானத்துக்கென ஒதுக்கிய இடைவெளி வீணாகிறது. தயாராக இருந்த இன்னொரு விமானம் எஞ்சின் ஓட டாக்ஸிவேயில் நிற்கிறது, நிமிடத்துக்குப் பத்து கிலோ எரிபொருளை எரித்தபடி.

உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனையும் மறைத்தவருக்குச் சலுகையும் தரும் முறையில் நல்ல பணியாளர்களும் மறைக்கத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கடும் வெயிலில் கான்கிரீட்டின் மேல் நின்று முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு ஏ320ஐத் திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள்.

2024 டிசம்பரில் ஷம்ஷாபாத்தில் ஏபிஓசி என்ற முன்கணிப்புச் செயல்பாட்டு மையம் திறக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவும், நிலையத்தின் டிஜிட்டல் நகலும் அதில் இணைந்திருக்கின்றன. பல துறையினரின் தகவலும் ஒரே இடத்தில் குவிவது பெரிய முன்னேற்றம். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் முன்கணிப்பு பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. கடைசி நிமிடம் வரை மாற்றாமல் வைத்த டிஓபிடிகளைக் கொடுத்தால், அந்த மையமும் கடைசி நிமிடத்தில்தான் எச்சரிக்கும்.

எனவே நம் கோரிக்கைகள் ராம்ப்பிலிருந்து தொடங்குகின்றன. முன்கூட்டியே திருத்தப்பட்ட டிஓபிடிக்கு எந்த அபராதமும், எந்த விளக்கக் கடிதமும் கூடாது. கடைசி ஐந்து நிமிடத்தில் மாற்றியதற்கும், மாற்றாமலே தவறவிட்டதற்கும் மட்டும் கணக்குக் கேட்கலாம். விமான நிறுவனங்களுக்கும் தரைச்சேவை நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தங்களில் இதை எழுத்தில் சேர்க்க வேண்டும். வாய்மொழி உறுதி ஒரு ஷிஃப்ட்டைக்கூடத் தாங்காது. ஒவ்வொரு நிறுவனத்தின் டிஓபிடித் துல்லியத்தையும் மாதந்தோறும் எல்லாப் பங்காளிகளும் உட்கார்ந்திருக்கும் மேசையில் வைக்க வேண்டும். அந்த மேசையில் கோபுரத்தின் கணக்கும் இருக்கட்டும்: கொடுத்த டிஎஸ்ஏடிக்கும் உண்மையில் அனுமதித்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். எரிபொருள், உணவு வண்டிகளின் மேற்பார்வையாளர்கள் தங்கள் தாமதத்தைத் தாங்களே நேரடியாகப் பதிய ஒரு வழி வேண்டும். இன்று அது வாக்கி-டாக்கியில் இரண்டு கை மாறி வருகிறது.

விமானப்படையுடன் உள்ள உறவுக்குத் தனியாக உழைக்க வேண்டும். வான்வெளியை நெகிழ்வாகப் பகிரும் கொள்கை நாட்டில் இருக்கிறது. துண்டிகலின் பயிற்சி நேரம் எதிர்பாராமல் முடிந்து வெளி காலியானால், அந்தச் செய்தி நிமிடங்களில் வரிசை அமைப்பவரை எட்டினால்தான் அந்தக் கொள்கைக்குப் பொருள் உண்டு. இதற்கு ஒரு தொடர்பு அதிகாரியும் ஒரு நேரடி இணைப்பும் போதும்.

குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். டில்லியின் மூடுபனி டிசம்பர் பிற்பகுதியில் இறுகும். சிடிஓடிகள் ஒவ்வொன்றாக வந்து விழும். இடையில் ஏறத்தாழ எட்டு வாரம் இருக்கிறது. ஒரு விமான நிறுவனமும் அதன் தரைச்சேவைப் பங்காளியும், காலை அலையில் மட்டுமாவது, அபராதமில்லாத டிஓபிடியை அந்த எட்டு வாரத்தில் நடத்திப் பார்க்கட்டும். கிடைக்கும் எண்களை, நல்லதோ கெட்டதோ, முழுதாக வெளியிட இந்த இதழ் பக்கங்களை ஒதுக்கி வைக்கிறது.