கலப்புப் பொருளாதாரமும் கெடு இல்லாத சீர்திருத்தமும்

என் அப்பா ஒரு பொதுத்துறை ஆலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சேரியில் மாதச் சம்பளம், மருத்துவ வசதி, வருங்கால வைப்பு நிதி என்று முதலில் பார்த்த வீடு எங்களுடையதுதான். நான் இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றால் அந்தச் சம்பளம்தான் காரணம். என் தம்பியும் இப்போது அதே ஆலைக்குத்தான் போகிறான். அதே பிரிவு, அதே வேலை. ஆனால் அவனுக்குச் சம்பளம் தருவது ஆலை அல்ல, ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் கைமாறும் ஒவ்வொரு முறையும் அவன் புதிதாகச் சேர்ந்தவன் ஆகிவிடுகிறான். அப்பா இடஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். தம்பியை வேலைக்கு வைத்திருப்பவருக்கு இடஒதுக்கீட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அண்மையில் ஒரு கருத்தரங்கில், முதலாளித்துவத்தின் உற்பத்தித் திறனையும் சோசலிசத்தின் பங்கீட்டு நீதியையும் படிப்படியான சீர்திருத்தத்தின் வழியே இணைப்பதுதான் இந்தியாவுக்கு ஏற்றது என்று ஒரு பேராசிரியர் பேசினார். அரங்கமே தலையாட்டியது. அடிப்படையில் நானும் அதை மறுப்பவன் அல்ல. சர்வாதிகாரத்தின் வழியே வரும் சமத்துவத்தை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆனால் அந்த அரங்கில் யாரும் எழுப்பாத கேள்விகள் சில உண்டு. எதை எதோடு கலக்கிறோம்? எத்தனை ஆண்டுகளுக்குள்? அந்தக் கலவையில் சாதி எங்கே இருக்கிறது?

இந்தியா சுதந்திரம் பெறும் தறுவாயில் இரண்டு கலவைகள் மேசை மீது இருந்தன. ஒன்று, 1944இல் டாட்டா, பிர்லா உள்ளிட்ட பெருமுதலாளிகள் வெளியிட்ட பம்பாய்த் திட்டம். அடிப்படைத் தொழில்களை வளர்ப்பதில் அரசு பெரும் பங்கு எடுக்க வேண்டும், உள்நாட்டுத் தொழிலை அது பாதுகாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் முதலாளிகளே. நிலத்தை அரசுடைமையாக்கும் பேச்சு அதில் இல்லை.

மற்றொன்று, 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணம். முக்கியத் தொழில்களும் அடிப்படைத் தொழில்களும் அரசுடைமை. காப்பீடு அரசின் ஏகபோகம். வேளாண்மையும் அரசுத் தொழில். நிலத்தை இழப்பவர்களுக்குக் கடன் பத்திரங்களாக இழப்பீடு உண்டு. ஆனால் அதைக் காட்டி நிலத்தைத் திரும்பக் கேட்க முடியாது. நிலம் பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டு, சாதி மத வேறுபாடின்றி ஊர் மக்களுக்குக் கூட்டாகப் பயிரிடக் கொடுக்கப்படும். நிலவுடைமையாளர், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று பிரிவும் இருக்காது. மற்ற தொழில்கள் தனியாரிடமே இருக்கலாம். நாடாளுமன்ற ஜனநாயகமும் இருக்கும்.

இதுவும் கலப்புப் பொருளாதாரம்தான், இதுவும் சீர்திருத்தம்தான். ஆனால் இதில் முக்கியமான இரண்டு அம்சங்கள் இருந்தன. முதலாவது, இதை அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டும் என்றார் அம்பேத்கர். சாதாரணச் சட்டமாக விட்டால் இன்றைய பெரும்பான்மை செய்ததை நாளைய பெரும்பான்மை அழித்துவிடும் என்பது அவர் வாதம். இரண்டாவது, கெடு. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாம் ஆண்டைத் தாண்டாமல் இத்திட்டம் செயலுக்கு வந்தாக வேண்டும் என்று எழுதினார். அதாவது 1960க்குள்.

சபை இதை ஏற்கவில்லை. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் ஒரு சிலரிடம் குவியக் கூடாது என்ற கருத்து, நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாத வழிகாட்டு நெறிகளில் 39ஆம் பிரிவாகச் சுருங்கியது. 1948இல் 'சோசலிச' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி கே.டி.ஷா கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கரே எதிர்த்தார் என்பதைச் சிலர் இன்று எடுத்துக் காட்டுகிறார்கள். உண்மைதான். வரும் தலைமுறையின் கையைக் கட்ட வேண்டாம், வழிகாட்டு நெறிகளிலேயே அந்த உள்ளடக்கம் இருக்கிறது என்பது வரைவுக் குழுத் தலைவராக அவர் சொன்ன பதில். 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியே அந்தச் சொல் முகப்புரைக்குள் வந்தே விட்டது. சொல் வந்தது, நிலம் வரவில்லை.

1951இல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை நாம் இடஒதுக்கீட்டுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். வகுப்புவாரி உரிமையை நீதிமன்றம் செல்லாது என்றபோது தந்தை பெரியாரும் தமிழ்நாட்டு மக்களும் நடத்திய போராட்டத்தின் விளைவாக 15(4) பிரிவு வந்தது. அதே திருத்தத்தில்தான் நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காக்கும் 31ஏ, 31பி பிரிவுகளும் ஒன்பதாம் அட்டவணையும் வந்தன. ஒரே திருத்தம் கல்விக்கும் நிலத்துக்கும் கதவைத் திறந்தது. கல்விக் கதவின் வழியே நாம் போராடி நுழைந்தோம். நிலத்தின் கதவு என்ன ஆனது?

1955இல் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோசலிசப் பாணிச் சமூகமே தன் இலக்கு என்று தீர்மானம் போட்டது. இங்கே நில உச்சவரம்புச் சட்டம் வர 1961 ஆனது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று அது வரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டம் வரப்போகிறது என்பது நிலவுடைமையாளர்களுக்கு முன்பே தெரியும். உறவினர் பெயருக்கும் பினாமி பெயருக்கும் அறக்கட்டளைக்கும் நிலம் மாறியது. கெடு இல்லாத சீர்திருத்தம் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் அது. முதல் உச்சவரம்புச் சட்டம் வந்து ஏழு ஆண்டு கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் திரண்டதுதான் அந்த மக்கள் செய்த குற்றம்.

"அது காங்கிரசின் சோசலிசம், இடதுசாரிகள் ஆண்ட இடத்தைப் பாருங்கள்" என்று தோழர்கள் சொல்லலாம். பார்ப்போம். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் இந்தியாவில் நடந்தவற்றில் மிகச் சிறந்த ஒன்று. ஜென்மி முறையை அது ஒழித்தது. ஆனால் 'உழுபவனுக்கு நிலம்' என்றபோது உழுபவன் என்று சட்டம் கண்டது குத்தகைதாரரை. சேற்றில் இறங்கி உழைத்த புலையரும் பறையரும் குத்தகைதாரர்கள் அல்லர், கூலிகள். அவர்களுக்கு வயல் கிடைக்கவில்லை. குடிகிடப்பு உரிமையாகக் குடிசை இருந்த மனைதான் கிடைத்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், மாநகரில் 3 சென்ட். வர்க்கத்தை மட்டும் பார்த்து எழுதிய நல்ல சட்டம்கூட, சாதி கோடு போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. பொதுவுடைமைக்கு முன் பொதுவுரிமை வேண்டும் என்று பெரியார் ஏன் வலியுறுத்தினார் என்பது இங்கே புரியும்.

இத்தனை குறைகளோடும் அந்தக் கலப்புப் பொருளாதாரம் நமக்கு ஒன்றைக் கொடுத்தது. 1956இல் ஆயுள் காப்பீடும், 1969இல் 14 வங்கிகளும் நாட்டுடைமையாயின. பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. அவற்றில் இடஒதுக்கீடு வந்ததால், தலைமுறை தலைமுறையாக ஊரின் கூலிகளாக இருந்தவர்களுக்கு ஊரை அண்டிப் பிழைக்க வேண்டாத ஒரு வருமானம் கிடைத்தது. பண்ணையாருக்குப் பயப்படாமல் பேச முடிந்தது. ஒரு சேரிக்குப் பொதுத்துறை வேலை என்றால் என்ன என்று என் அப்பாவின் தலைமுறைக்குத் தெரியும்.

1991க்குப் பிறகு நடப்பதும் படிப்படியான சீர்திருத்தம்தான், எதிர்த்திசையில். இந்தச் சீர்திருத்தத்துக்கு மட்டும் கெடுவும் உண்டு, இலக்கும் உண்டு. பொதுத்துறைப் பங்கு விற்பனைக்கு 2021-22 வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றிய அரசு வைத்த இலக்கு 1.75 லட்சம் கோடி ரூபாய். விற்கப்பட்ட நிறுவனம் தனியார் ஆனதும் புதிய பணியிடங்களில் இடஒதுக்கீடு இல்லை. தனியார் துறை இடஒதுக்கீட்டைப் பற்றி 2004இல் ஆட்சிக்கு வந்த கூட்டணியின் குறைந்தபட்சச் செயல்திட்டம் பேசியது. சட்டம் இன்றுவரை வரவில்லை. ஆனால் உயர்சாதியில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 விழுக்காடு? 2019 ஜனவரி 8 அன்று மக்களவை, 9 அன்று மாநிலங்களவை, 12 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். ஐந்தே நாளில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 'படிப்படியாக' என்ற சொல் யாருக்கு மட்டும் சொல்லப்படுகிறது என்று பாருங்கள்.

ஒன்றிய அரசை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலத் தூய்மைப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். நள்ளிரவில் காவல் துறையால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சமூகநீதி பேசும் மாநிலத்திலும் குப்பை அள்ளும் வேலை அதே சாதியிடமே இருக்கிறது. அந்த வேலைக்கு இருந்த பாதுகாப்பு மட்டும் ஒப்பந்தத்துக்குப் போகிறது.

அரசுடைமை வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அரசு அலுவலகத்துக்குள்ளும் சாதி இருக்கிறது. மேல்நாற்காலியில் யார், துடைப்பத்தோடு யார் என்று நமக்குத் தெரியும். அரசின் பண்ணை அதிகாரியின் பண்ணையாக மாறும் ஆபத்தும் உண்டு. ஆனால் அரசிடம் கணக்குக் கேட்கலாம், வழக்குப் போடலாம், வாக்கால் தண்டிக்கலாம். ஒப்பந்தக்காரரிடம் என் தம்பி எதைக் கேட்பான்?

ஆகவே கலப்பா, தூய சோசலிசமா என்ற விவாதத்தில் நான் கலப்பின் பக்கமே நிற்கிறேன். ஆனால் அது அம்பேத்கர் எழுதிய கலப்பாக இருக்க வேண்டும். அரசு நிலம், வரிச் சலுகை, அரசு ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்றைப் பெறும் தனியார் நிறுவனம்கூட இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும். பதவி வாரியாகத் தன் ஊழியர்களின் சாதிக் கணக்கை வெளியிட வேண்டும். நிரந்தரத் தன்மை கொண்ட வேலைகளில், முதலில் தூய்மைப் பணியில், ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். பஞ்சமி நிலத்தையும் உச்சவரம்பு உபரி நிலத்தையும் மீட்டு நிலமற்ற தலித் மக்களுக்குக் கூட்டுரிமையாகத் தர வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்திலேயே ஆண்டு குறிக்கப்பட வேண்டும். ஆண்டு குறிக்காத எந்த வாக்குறுதியையும் தேர்தல் அறிக்கையில் கண்டால், எப்போது என்று கேட்க நாம் பழக வேண்டும்.

அம்பேத்கர் குறித்த பத்தாம் ஆண்டு 1960இல் முடிந்தது. அப்போது என் அப்பா பிறக்கவே இல்லை. அவர் பிறந்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டார். இன்னும் எத்தனை தலைமுறை பொறுத்திருக்க வேண்டும் என்பதைப் படிப்படியான மாற்றம் பேசுகிறவர்கள் சொல்லட்டும்.