ஜிலேபிக்கு ஒரு சல்லடை

ஒரே நாளில் ஏரியின் வலைக் கூண்டில் விட்ட ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சுகள் ஒரே அளவில் வளர்வதில்லை. சில மாதங்களில் ஒன்று கால் கிலோவைத் தொடும். பக்கத்தில் நீந்துவது உள்ளங்கை அளவிலேயே நிற்கும்.

காரணம் எளிது. தீவனம் விழும் இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொள்கிறது, சிறியது மிச்சத்துக்குக் காத்திருக்கிறது. போதாததற்கு, ஆண்தான் வேகமாக வளரும். பெண் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் இரை எடுப்பதே அரிது. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த கிஃப்ட் என்ற ஜிலேபி ரகம் வேகமாக வளரும், உண்மைதான். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழக மையமே அதன் குஞ்சுகளைத் தருகிறது. ஆனால் நல்ல ரகமும் இந்தப் போட்டியைத் தீர்க்காது. அளவு பிரிப்பதற்கு முந்தின நாள் தீவனத்தை நிறுத்தி, வெயில் ஏறுமுன் வலையைத் தூக்கி, பெரியதையும் சிறியதையும் தனித்தனிக் கூண்டுகளில் விடுவதுதான் வழி.

உத்திரமேரூர் வட்டாரத்தில் கூண்டு வளர்ப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஏரிகள் மழையை நம்பியவை. கோடையில் கூண்டின் அடியில் போதிய ஆழம் இருக்காது. ஆகவே தண்ணீர் இறங்குமுன் எல்லா மீனும் விற்பனை எடைக்கு வந்தாக வேண்டும். பின்தங்கிய மீனுக்கு இங்கே அவகாசமில்லை.

பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில், ஏரிகளைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு இடம் கொடுத்த ஊர் உத்திரமேரூர். இங்கு கூண்டு வளர்ப்புக்கு மானியம் வருமானால், வலையோடும் தீவனத்தோடும் அளவு பிரிக்கும் சல்லடை, தராசு, அதற்கான பயிற்சி மூன்றையும் அரசு சேர்த்தே தர வேண்டும்.